ஏற்காடு ஏறும்போது வண்டி ஏன் திணறுகிறது? கார்ப்பரேட்டரும் காற்றும்: ஒரு விளக்கம்

சேலத்துக்குள் ஒழுங்காக ஓடும் பழைய 100 சிசி வண்டி, அடிவாரம் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் இழுக்க மறுக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் சத்தம்தான் வருகிறது, வேகம் வரவில்லை. சில வண்டிகளில் பெட்ரோல் வாடையும் கரும்புகையும் சேர்ந்துகொள்கின்றன. இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கு என்கிறார் ஒருவர். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டு என்கிறார் இன்னொருவர். பெரிய கார்ப்பரேட்டர் மாட்டினால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்பது மூன்றாவது யோசனை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புதிய பைக்குகளில் பெரும்பாலானவை, எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் பழைய பைக்குகளும் மொபெட்டுகளும், காபித் தோட்டத்துப் புல்வெட்டும் மெஷின்களும், மருந்தடிக்கும் மோட்டார்களும், தண்ணீர் இறைக்கும் சின்ன இன்ஜின்களும் இன்னும் கார்ப்பரேட்டரில்தான் ஓடுகின்றன. அதனால் இந்தக் குழப்பம் தீரவில்லை.

மேலே சொன்ன மூன்று யோசனைகளும் ஒரே இடத்தில் தவறுகின்றன. இன்ஜினின் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்று. அந்தக் காற்றுக்குத் தக்க பெட்ரோலை அளந்து கொடுப்பது மட்டுமே கார்ப்பரேட்டரின் வேலை. காற்றே குறைந்துபோன இடத்தில் ஜெட்டை எவ்வளவு திருத்தினாலும் இழந்த சக்தி திரும்பாது. திருத்தினால் கிடைப்பது வேறொன்று. அது என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

1. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல்

1 கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இதில் பெட்ரோல் கூடினால் ரிச் கலவை, பெட்ரோல் குறைந்தால் லீன் கலவை. இன்ஜின் அதிகபட்ச சக்தி தருவது 14.7ல் அல்ல. கொஞ்சம் ரிச்சாக, 12.5 முதல் 13 வரை இருக்கும்போதுதான் முழு சக்தி வரும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் ஒரே சீராகக் கலப்பதில்லை. ஆக்ஸிஜன் மிச்சமில்லாமல் பயன்பட வேண்டுமென்றால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் குறைக்கிறது. மைலேஜுக்கு ஏற்ற விகிதம் 15.5, 16 பக்கம். அதையும் தாண்டி லீன் ஆனால் மிஸ்ஸிங் வரும், இன்ஜின் கொதிக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 97.2 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 4000 இழுப்பு, சுமார் 389 லிட்டர். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுக்க நிரம்பாது. 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 311 லிட்டர். 30 டிகிரி வெயிலில் சேலத்துக் காற்று லிட்டருக்கு சுமார் 1.13 கிராம் எடை. ஆக நிமிடத்துக்கு 350 கிராம் காற்று, அதற்கு 13க்கு 1 என்ற கணக்கில் 27 கிராம் பெட்ரோல்.

27 கிராம் பெட்ரோலை 30 ஆக்குவது சுலபம். துளையைப் பெரிதாக்கினால் போதும். 350 கிராம் காற்றை 390 ஆக்குவதுதான் கஷ்டம். பெட்ரோலை மட்டும் கூட்டினால் அது எரியாமல் புகையாக வெளியே போகும், அவ்வளவுதான்.

2. கார்ப்பரேட்டர் எப்படி அளக்கிறது

அந்தக் காலத்துக் கொசு மருந்து பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டைத் தள்ளினால் காற்று வேகமாகப் பாயும், கீழே டப்பாவில் உள்ள மருந்து தானாக மேலேறித் தூறலாகச் சிதறும். கார்ப்பரேட்டரும் அதே தத்துவம்தான். காற்று போகும் குழாயில் ஓரிடம் குறுகலாக இருக்கும். அதற்கு வெஞ்சுரி என்று பெயர். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறையும். கீழே ஃப்ளோட் சேம்பரில், அதாவது ஒரு மிதவை பெட்ரோல் மட்டத்தைச் சீராக வைக்கும் சின்னத் தொட்டியில், நிற்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருக்கிறது. இந்த இரண்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது.

ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு பாகம் அளவை எடுத்துக்கொள்ளும். பைக்குகளில் உள்ள ஸ்லைடு வகையில் (ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஸ்லைடு என்ற பாகம் மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும்) அது இப்படி:

1. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை: பைலட் ஜெட், அதோடு சேர்ந்த ஸ்க்ரூ. ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள்.
2. எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை: ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பகுதி.
3. காலிலிருந்து முக்கால் வரை: ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அதன் கிளிப் நிற்கும் பள்ளமும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி உயரும், கலவை ரிச் ஆகும்.
4. முக்காலுக்கு மேல்: மெயின் ஜெட்.

எல்லைகள் கத்தி வைத்து வெட்டியது போல் இருக்காது, ஒன்றோடொன்று கலந்திருக்கும். ஆனாலும் இந்தப் பட்டியல் தெரியாமல் ஸ்க்ரூவைத் தொடுவது வீண். டவுனுக்குள் பாதி ஆக்ஸிலேட்டரில் வரும் குறைக்கு மெயின் ஜெட்டை மாற்றுபவர்கள் நிறையப் பேர். அங்கே வேலை செய்வது ஊசி.

3. மலையில் நடப்பது என்ன

சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1515 மீட்டரில். காற்றழுத்தம் சேலத்தில் 980 மில்லிபார் அளவில் இருக்கும். மேலே போனால் 845. அங்கே குளிர் அதிகம் என்பதால் இழப்பில் ஒரு பங்கு ஈடாகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சேலத்தில் 30 டிகிரி இருக்கும்போது ஏற்காட்டில் 22 டிகிரி என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 1.13 கிராம் இருந்த காற்று 1 கிராமாகக் குறைகிறது. அதாவது 11 சதவீதம் கம்மி.

கார்ப்பரேட்டர் காற்றை எடை போடுவதில்லை, அதன் இழுப்பை, அதாவது முன்பு சொன்ன அழுத்த வித்தியாசத்தை, மட்டுமே உணர்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்தால் இழுப்பும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த இழுப்பின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். ஆகவே காற்று 11 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் சுமார் 6 சதவீதம் மட்டுமே குறைகிறது. 13ல் இருந்த விகிதம் 12.2க்கு இறங்குகிறது. ரிச் ஆகிறது, ஆனால் கொஞ்சம்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்:

1. காற்று குறைந்ததால் போன சக்தி. இது சுமார் பத்தில் ஒரு பங்கு. எந்த ஜெட் போட்டாலும் திரும்பாது. கியரைக் குறைத்து ஓட்டுவது ஒன்றே வழி.
2. கலவை ரிச் ஆனதால் போன சக்தி. இதைத் திருத்தலாம். 6 சதவீதப் பெட்ரோலைக் குறைக்க ஜெட் துளையின் விட்டத்தை 3 சதவீதம் குறைத்தால் போதும். பல கம்பெனி ஜெட்டுகளில் 100 என்று எழுதியிருந்தால் துளை 1.00 மி.மீ. அதற்குப் பதில் 97.5 போட்டாலே கணக்கு முடிந்தது. ஒரே ஒரு படி.

முதலில் சொன்ன, மெயின் ஜெட்டைப் பெரிதாக்கு என்ற யோசனை எவ்வளவு தலைகீழானது என்று இப்போது தெரியும். ஏற்கனவே ரிச்சாக இருப்பதை இன்னும் ரிச் ஆக்கும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. வெறும் 6 சதவீதத்துக்காக நல்ல நிலையில் உள்ள வண்டி கரும்புகை விடாது. மலையில் கரும்புகை வந்தால் அந்த வண்டி சேலத்திலேயே ரிச்சாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்று அர்த்தம். அடைத்த ஃபில்டர், தேய்ந்த ஊசி, பாதி மூடிய சோக், ஃப்ளோட் உயரம் ஏறிப்போனது, இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஜெட்டை மாற்றக் கூடாது.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. சேலத்தில் ஜனவரிக் காலை 20 டிகிரியில் காற்று லிட்டருக்கு 1.17 கிராம். மே மாத மதியம் 40 டிகிரியில் 1.09. அதே ஊர், அதே வண்டி, 6 சதவீத வித்தியாசம். 15 டிகிரிக் குளிரில் ஏற்காட்டுக் காற்று 1.02. ஆக, சேலத்து மே மதியத்துக்கும் ஏற்காட்டுக் குளிர்காலைக்கும் உள்ள இடைவெளி அதே 6 சதவீதம் அளவுதான். வாரம் ஒருமுறை மலையேறிவிட்டு வருபவர்கள் ஜெட்டைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. மேலேயே குடியிருப்பவர்கள், தோட்டத்திலேயே மெஷின் வைத்திருப்பவர்கள் மட்டும் மாற்றினால் போதும்.

பம்பு போன்ற மெஷின்களுக்கான ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வகை இன்ஜின் கையேடும் இதையே சொல்கிறது. 1500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதானால் ஜெட் மாற்ற வேண்டும், மாற்றிய பிறகும் 300 மீட்டருக்கு 3.5 சதவீதம் சக்தி குறையும், அப்படி மாற்றிய இன்ஜினைக் கீழே கொண்டுவந்து ஓட்டினால் லீன் ஆகிச் சூடேறிக் கெடும் என்று எச்சரிக்கிறது. ஏற்காடு சரியாக அந்த 1500 மீட்டர் கோட்டின் மேல் நிற்கிறது.

4. இ20 பெட்ரோல் சேர்த்த புதுக் கணக்கு

2025ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனால் எரிய 9 மடங்கு காற்று போதும், அதனால் இ20க்குத் தேவையான விகிதம் 14.7லிருந்து சுமார் 13.5க்கு இறங்குகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு ஜெட் அமைத்த பழைய வண்டியில் இப்போது அதே ஜெட் வழியாக வரும் எரிபொருள் 8 சதவீதம் வரை பற்றாது. லீன் பக்கம் சாய்கிறது.

மலை ரிச் ஆக்குகிறது, இ20 லீன் ஆக்குகிறது. இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எனவே 1990களின் வண்டி வைத்திருப்பவர் இன்றைக்கு அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் ஏற்காடு அல்ல. சேலத்திலிருந்து நெடுஞ்சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் நீண்ட நேரம் ஓட்டுவதுதான் கவனிக்க வேண்டியது. அங்கேதான் லீன் கலவை பிஸ்டனைச் சூடாக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு மெயின் ஜெட் ஒரு படி பெரிதாகத் தேவைப்படலாம்.

5. டியூனிங்: எந்த வரிசையில்

1. முதலில் கார்ப்பரேட்டரைத் தவிர மற்றதைப் பாருங்கள். ஃபில்டர், பிளக், வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன், பிரேக் உரசுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா. பிக்கப் இல்லை என்று வரும் வண்டிகளில் பெரும்பங்கு இங்கேயே சரியாகிவிடும்.
2. கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். அளக்காத காற்று அங்கே புகுந்தால் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும். அதை எந்த ஸ்க்ரூவாலும் நிறுத்த முடியாது.
3. ஜெட் அடைத்திருந்தால் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை அகலும். 3 சதவீதம்தான் ஒரு படி என்று மேலே பார்த்தோம், ஒரு கீறல் போதும் அதைக் கெடுக்க.
4. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங் ஸ்க்ரூ. இதில் இரண்டு வகை உண்டு. ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் ரிச் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவை ஸ்க்ரூ, உள்ளே திருகினால் லீன் ஆகும். எது என்று தெரியாமல் திருப்பினால் எல்லாம் நேர்மாறாகப் போகும். மெதுவாக அடிவரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு ஐடிலிங் அதிகமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.
5. ஜெட் மாற்றுவதானால் மெயின் ஜெட், ஊசி, பைலட் என்ற வரிசை. ஊசிக்கு வரும் பெட்ரோல் மெயின் ஜெட்டைக் கடந்துதான் வருகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.
6. சோதனை காலியான சமதள ரோட்டில். கைப்பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொண்டால் எந்தப் பாகத்தில் குறை என்று தெளிவாகத் தெரியும். முழுக்க முறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தும்போது வண்டி இன்னும் நன்றாக இழுத்தால் மெயின் ஜெட் லீன். இன்ஜின் சூடாக ஆக மந்தமானால் ரிச்.

பிளக் நிறத்தைப் பார்ப்பது பழைய வழக்கம். இளம் பழுப்பு நல்லது, கரி படிந்தால் ரிச், வெள்ளையாக வெந்திருந்தால் லீன். எத்தனால் பெட்ரோல் பிளக்கில் குறைவாகவே நிறம் விடுகிறது. அதனால் நிறத்தை மட்டும் நம்பி ஜெட்டைப் பெரிதாக்க வேண்டாம்.

6. காற்றோட்டம்: எங்கே லாபம், எங்கே நஷ்டம்

சக்தி காற்றில் என்றால் ஃபில்டரைக் கழற்றினால் என்ன? கேள்வி நியாயமானது. சுத்தமான ஃபில்டர் தரும் தடை மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறு தடையும் பெட்ரோலை இழுப்பதில் பங்கு வகிக்கிறது. ஃப்ளோட் சேம்பர் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும்போது, ஃபில்டரால் ஏற்படும் அழுத்தக் குறைவு வெஞ்சுரியின் இழுப்போடு சேர்கிறது. ஃபில்டரை எடுத்தால் காற்று கூடும், அதே நேரத்தில் பெட்ரோல் குறையும். ரிச்சாக இருந்த வண்டி சில நாள் நன்றாக ஓடுவது போல் தோன்றுவது இதனால்தான்.

அப்புறம் தூசி. ஏற்காடு அடிவாரத்துக்கும் ஓமலூர் ரோட்டுக்கும் இடையில் மாக்னசைட் சுரங்கப் பகுதி, லாரிகள் கிளப்பும் மண், தோட்டத்து மண்சாலை. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. அது ரிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிட்டால் கம்ப்ரஷன் போகும், சக்தியும் போகும். ஃபில்டர் இல்லாமல் இந்தப் பக்கம் ஓட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். ஸ்பான்ஞ் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து லேசாக ஆயில் தடவிப் போடுங்கள். பேப்பர் ஃபில்டரானால் மாற்றிவிடுங்கள்.

பெரிய கார்ப்பரேட்டர் கதைக்கு வருவோம். 18 மி.மீ. வாய் உள்ள கார்ப்பரேட்டரில், மேலே போட்ட 8000 சுற்றுக் கணக்கில், இழுக்கும் நேரத்தில் காற்று விநாடிக்கு சுமார் 80 மீட்டர் வேகத்தில் போகும். அதே இன்ஜினில் 26 மி.மீ. மாட்டினால் வேகம் 39 மீட்டர். இழுப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. குறைந்த சுற்றில், அதாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திரும்பும்போது, பெட்ரோல் தூறலாக வராமல் சொட்டாக வரும். மேல் சுற்றில் சிறு லாபம், மலைக்குத் தேவையான கீழ்ச் சுற்றில் பெரிய நஷ்டம். வால்வு, அதைத் திறக்கும் கேம், காற்று நுழையும் போர்ட் எல்லாம் பழையபடி இருக்கும்போது அந்த மேல் லாபமும் கிடைப்பது சந்தேகம்.

உண்மையில் செலவில்லாமல் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. கார்ப்பரேட்டர், மேனிஃபோல்ட், கேஸ்கெட், போர்ட் ஆகியவற்றின் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். மலிவான கேஸ்கெட்டின் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு காற்றின் வழியில் படியாக நிற்கும். அதை வெட்டிச் சமப்படுத்தினால் ஓட்டம் சீராகும். போர்ட்டைக் கண்ணாடி போல் பாலீஷ் போடத் தேவையில்லை.

சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்குவது இன்னொரு வழக்கம். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் அது நேரடி நஷ்டம். அதன் சைலன்சர் வடிவமே அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, போர்ட் வழியே வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை உள்ளே தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் 190வது பிரிவு தனி.

7. இரண்டு ஸ்ட்ரோக்கும் தோட்டத்து மெஷினும்

பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் லீன் என்றால் பெட்ரோல் மட்டுமல்ல, ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் ஜாம் ஆவது இப்படித்தான். பழைய எக்ஸ்எல் மொபெட்டில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு 20 வளைவும் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ வராது. இடையிடையே கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து இறங்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 போன்று தனி ஆயில் பம்பு உள்ள வண்டிகளில் இந்த ஆபத்து குறைவு.

புல்வெட்டும் மெஷினில் ஃப்ளோட் கிடையாது, எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் மெல்லிய சவ்வால் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் கார்ப்பரேட்டர். அதில் எச் என்ற ஸ்க்ரூ வேகத்துக்கு, எல் என்பது ஐடிலிங்குக்கு. எச் ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருக மெஷின் கீச்சென்று வேகமெடுக்கும், சக்தி கூடியது போல் இருக்கும். அது லீன் ஆகும் சத்தம். சுமையில்லாமல் முழு ஆக்ஸிலேட்டரில் சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், புல்லில் வைத்ததும் தெளிய வேண்டும். அதுதான் சரியான இடம். ஏற்காட்டில் வைத்து டியூன் செய்த மெஷினை வாழப்பாடிப் பக்கம் கொண்டுபோய் வெயிலில் ஓட்டுவதானால் எச் ஸ்க்ரூவை முதலில் கொஞ்சம் வெளியே திருப்பிவிட்டு, பிறகு அங்கேயே சரிபாருங்கள்.

சீசன் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்தும் மருந்தடிக்கும் மோட்டாருக்கும் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இன்ஜினுக்கும் இ20 வந்த பிறகு ஒரு வேலை கூடியிருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மழைக்கால ஈரம் அதற்குப் போதும். தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறி முதலில் அடைப்பது மிகச் சிறிய துளையான பைலட் ஜெட்டை. டேங்கை வடித்துவிட்டு, கார்ப்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, ஃப்ளோட் சேம்பர் இருந்தால் அதன் அடி ஸ்க்ரூவையும் திறந்து வடித்து வையுங்கள்.